டியூப்பைக் கழற்றும் முன் ரிம்மைப் பாருங்கள்!

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முள்ளைவிடப் பெரிய எதிரி கல். வேகமாக வரும் சக்கரம் கல்லில் மோதினால், உள்ளே இருக்கும் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிவிடும். பாம்பு கடித்தாற்போல அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். இதற்குப் பயந்து காற்றை அதிகம் அடித்தாலோ, டயர் விறைத்துப்போய் ஈரப் பாறையில் வழுக்கும்.

இதற்குத் தீர்வாகத்தான் டியூப்லெஸ் வந்தது. மவுன்டன் பைக்குக்கான யு.எஸ்.டி. டியூப்லெஸ் முறை 1999-ல் பிரான்ஸில் அறிமுகமானது. நசுங்குவதற்கு டியூப் இல்லாததால், சாதாரண உடல் எடை உள்ளவர்கள் 20 முதல் 25 பி.எஸ்.ஐ. காற்றிலேயே ஓட்டலாம். டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும்.

எல்லா சைக்கிளுக்கும் சரிவருமா?

வராது. ரிம், டயர் இரண்டுமே 'டியூப்லெஸ் ரெடி' வகையாக இருக்க வேண்டும். சாதாரண ரிம்மில் டயரின் ஓரம் இறுகப் பிடிக்காது, ஓடும்போதே கழன்றுவிடலாம். செலவைக் குறைக்க நினைத்து இதில் மட்டும் விளையாடக் கூடாது.

டேப்தான் உயிர்

சைக்கிள் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பிக்கும் ஒரு துளை இருக்கும். அத்தனையையும் அடைப்பது டியூப்லெஸ் டேப். ரிம்மின் உள் அகலத்தைவிடச் சில மில்லிமீட்டர் அகலமானதாக அதை வாங்க வேண்டும். ரிம்மை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, டேப்பைச் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டி, ஆரம்பித்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் தூரமாவது கூடுதலாக ஒட்ட வேண்டும். மறுநாள் காற்று இறங்கியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டேப்பைத்தான்.

பிறகு வால்வு இருக்கும் இடத்தில் சிறு துளையிட்டு, வால்வைப் பொருத்தி, நட்டைக் கையாலேயே முறுக்க வேண்டும். டயரை மாட்டி, ஓரங்களில் சோப்பு நீர் தடவி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் காற்றடித்தால், 'டப், டப்' என்ற சத்தத்துடன் டயர் ரிம்மில் உட்காரும். டயரிலும் ரிம்மிலும் குறிப்பிட்டுள்ள உச்ச அளவுகளில் எது குறைவோ, அதைத் தாண்டக் கூடாது.

பால் போன்ற காவலன்

அடுத்து, காற்றை இறக்கிவிட்டு சீலன்ட் திரவத்தை நன்றாகக் குலுக்கி வால்வு வழியே ஊற்ற வேண்டும். 29 அங்குல டயருக்குச் சுமார் 100 மி.லி. போதும். பல சீலன்ட்களின் அடிப்படை ரப்பர் பால்தான். முள் குத்தினால், வெளியேறும் காற்றோடு இதுவும் வந்து ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். பின்னை மாட்டிக் காற்றடித்ததும், சக்கரத்தைச் சுற்றி, இரு பக்கமும் படுக்கவைத்தால் திரவம் எங்கும் பரவும். நம் ஊர் வெயிலில் இது சீக்கிரம் காயும் என்பதால், இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டு கிழிந்தால் சீலன்ட் கைகொடுக்காது. அப்போது வால்வைக் கழற்றிவிட்டு டியூப்பைப் போட்டுத்தான் வீடு திரும்ப முடியும். அதனால், பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும். வால்வு நட்டைக் குறடு வைத்து முறுக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். நடுக்காட்டில் அதைக் கையால் கழற்ற வேண்டியிருக்கும்!