அ, ஆ சொல்லித் தர எம்.எஸ்ஸியா?

என் தங்கை ஹாஸ்டல் ஃபாரத்தை நீட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவள் சேரப்போனது குழந்தை வளர்ச்சி பற்றிய முதுகலைப் படிப்பு. பிறந்த நாளிலிருந்து ஒன்றாம் வகுப்பு வாசல் வரைக்குமான வாண்டுகளைப் பற்றி இரண்டு வருஷம் படிக்க வேண்டுமாம். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரிந்த கர்வத்தில் இருப்பவன்.

''நம்ம பாட்டி எட்டு பெத்தாங்க. எந்த யுனிவர்சிடியில படிச்சாங்க?'' என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ''எட்டுல எத்தனை தங்குச்சு அண்ணா?''

ஐந்து. வாயை மூடிக்கொண்டு கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் செமஸ்டர் லீவுக்கு வந்தவள், என் நாலு வயசுப் புத்திரனைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டாள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர். இரண்டிலும் ரோஸ்மில்க். ''ரெண்டும் சமமா?'' ''சமம்.'' ஒன்றை எடுத்து, உயரமான ஒல்லி கிளாஸில் அவன் கண் முன்னாலேயே ஊற்றினாள். ''இப்போ?'' ''இதுலதான் நிறைய. எனக்கு இதுதான்!'' திரும்ப டம்ளரில் ஊற்றினால் சமம். மறுபடி ஒல்லி கிளாஸில் ஊற்றினால் நிறைய. பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவே மாட்டேன் என்கிறது.

''டேய், அதே பால்தானேடா!'' என்று கத்தினேன்.

''கத்தாதே அண்ணா. அவன் முட்டாள் இல்லே. உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்க்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். எல்லாக் குழந்தையும் இப்படித்தான்.''

இதைக் கண்டுபிடித்தவர் ழான் பியாஜே என்கிற சுவிட்சர்லாந்துக்காரர். நத்தை, சிப்பி வகையறாக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர், பிற்பாடு சொந்தக் குழந்தைகள் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கவனித்தார். குழந்தை தப்பாகச் சொன்னால் அவர் நோட்டை எடுத்தார். நான் ஸ்கேலை எடுத்தேன். போன வாரம்தான், எட்டு பெரிசா ஆறு பெரிசா என்று சொல்லத் தெரியவில்லை என்பதற்காகப் பையன் முதுகில் ஒன்று வைத்திருந்தேன். அன்றைக்கு ரோஸ்மில்க் எனக்கு இறங்கவில்லை.

அவளுடைய ரெக்கார்ட் நோட்டைப் புரட்டினேன். ஒரு நர்ஸரியில் ஓரமாக உட்கார்ந்து, ஒரே குழந்தையை அரை மணி நேரம் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'பிடிவாதக்காரன்' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். 'கையை உதறினான். தரையில் படுத்தான். மூன்று தடவை வேண்டாம் என்றான்' என்று எழுதினால் சரி. வவுச்சர் இல்லாத என்ட்ரி செல்லாது என்று எனக்குச் சொல்லித் தந்த அதே பாடம். என்ன, நான் ரூபாய்க்கு வவுச்சர் கேட்டேன்; பிள்ளைக்குக் கேட்கவில்லை. இது போக சத்துணவு, பேச்சு வளர்ச்சி, ஊனமுள்ள குழந்தைகளை அடையாளம் காண்பது, நர்ஸரி நடத்துவது என்று கத்தை கத்தையாகப் பாடங்கள்.

''சரி, இதுல வரவு என்ன?'' என்றேன், காமர்ஸ் புத்தியில்.

அவள் சொன்ன கணக்கு அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் யிப்ஸிலாண்டி என்ற ஊர். 1962-லிருந்து 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் 123 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் படித்துப் பயிற்சி பெற்ற டீச்சர்களோடு பாலர் பள்ளி. வாரம் ஒருமுறை டீச்சரே வீட்டுக்கும் போவார். இன்னொரு பாதிக்கு அது கிடையாது. பள்ளிக்குப் போனவர்களுக்கு முதலில் ஏறிய ஐ.க்யூ. சில வருஷத்தில் இறங்கி, இரண்டு கோஷ்டியும் ஒன்றாகிவிட்டது. 'போச்சு, பணம் தண்டம்' என்று ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. நாற்பது வயசு வரை விடாமல் துரத்தினார்கள். பாலர் பள்ளிக்குப் போனவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். போலீஸில் குறைவாக மாட்டினார்கள். 2000-ல் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மன் தன் சகாக்களோடு கணக்குப் போட்டுப் பார்த்ததில், போட்ட பணத்துக்கு வருஷம் 7 முதல் 10 சதவிகிதம் வரவு. அதுவும் விலைவாசி ஏற்றம் போக! எந்த பாங்க் தருகிறது?

இந்த வரவெல்லாம் ஊருக்கு. டீச்சருக்கு?

படிப்பு முடித்து அவள் இன்டர்வியூவுக்குப் போன பள்ளிக்கு நானும் துணைக்குப் போனேன். கரஸ்பாண்டென்ட் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு, ''ரொம்பப் படிச்சிட்டீங்களேம்மா, ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களே எங்களுக்குப் போதும்'' என்றாராம். பிறகு ஒரு தொகையைச் சொன்னார். வெளியே மரத்தடியில் வேன் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு, அவர் சம்பளம் அதைவிட இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் என்று தெரிந்தது. (டிரைவரைக் குறை சொல்லவில்லை. முப்பது உயிர் அவர் கையில்.) அதே பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு அக்கவுன்ட்ஸ் எடுப்பவருக்கு மூன்று மடங்காம். என் சப்ஜெக்ட்! பெருமைப்படவா முடியும்?

தனியாரை மட்டும் சொல்வானேன். 2019-ல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்து, இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது சங்கங்கள் கொதித்தன. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. இதற்கு நாங்கள் பயிற்சி பெறவில்லை என்பது ஒரு வாதம், அது நியாயம். இன்னொரு வாதம், இது பதவியிறக்கம் என்பது! மரியா மாண்டிசோரியே 1939-ல் வந்து அடையாறில் வகுப்பெடுத்த ஊர் சார் இது. எம்.எஸ்.சுவாமிநாதனின் மனைவி மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் கொடுத்த அறிக்கை, அங்கன்வாடித் திட்டத்துக்கு ஒரு முக்கியமான அஸ்திவாரம். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கினார்கள். மத்திய அரசுக் கணக்கில் அங்கன்வாடிப் பணியாளர் இன்னமும் 'கௌரவ ஊழியர்'தான். கௌரவத்தை வைத்து ரேஷன் வாங்க முடியாது.

'இதெல்லாம் லேடீஸ் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் போகும் வாலிபருக்கு ஒரு தகவல். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு ஹைகோர்ட் வக்கீல் இருந்தார். மகன் பிறந்ததும் அவனை எப்படி வளர்ப்பது என்று படிக்க ஆரம்பித்தவர், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர், 'மீசை வைத்த அம்மா'. இன்றைக்கும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் இந்தப் படிப்புக்கு ஆண்களும் சேரலாம். எந்த வாசலிலும் மீசையை மழிக்கச் சொல்லவில்லை. தபாலில் ஒரு வருஷ டிப்ளமா போதும் என்றால் இக்னோ இருக்கிறது.

தங்கை இப்போது வேறொரு நர்ஸரியில் இருக்கிறாள். சம்பளம் கொஞ்சம் பரவாயில்லை. போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் போய், வகுப்பு முடியட்டும் என்று ஒரு குட்டி நாற்காலியில் முக்கால்வாசி வெளியே வழிய உட்கார்ந்திருந்தேன். மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பொடியன் எழுந்து வந்தான்.

''அங்கிள், நீங்க யாரோட அப்பா?''

''இங்கே யாருக்கும் இல்லப்பா.''

''அப்ப வேன் டிரைவரா?''

''இல்லே.''

என்னை மேலும் கீழும் பார்த்தான். வேறு எந்த வகையிலும் நான் அடங்கவில்லை போலிருக்கிறது.

''சரி, இதைப் பிடிங்க'' என்று ஒரு கட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனான். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.