மேலதிகமாக மூன்று நாட்கள்

கடல்மட்டத்துக் கால்கள் – 4

2014 ஒக்டோபர் 8ஆம் திகதி வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் புயலாகி, ‘ஹூட்ஹூட்’ என்று பெயர் பெற்றது. சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்த பறவையின் பெயர். பட்டியலில் சேர்த்தது ஓமான். 12ஆம் திகதி அது விசாகப்பட்டினத்தருகே கரையேறியது. ஆந்திரக் கரையில் இலட்சக்கணக்கானோரை முன்னரே அப்புறப்படுத்தியிருந்தார்கள். புயல் கரையைக் கடந்ததும் கரையோரத்து ஆட்களான நமக்குக் கதை முடிந்துவிடும். வானொலியும் வேறு செய்திக்குப் போய்விடும்.

இந்தப் புயலின் கதை அங்கே முடியவில்லை. மிச்சமிருந்த ஈரம் வடக்கே நகர்ந்து, 14ஆம் திகதி நேபாளத்தின் அன்னபூர்ணா, தௌலகிரி மலைகளில் பனியாகக் கொட்டியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தொரோங் லா கணவாயை அன்று கடக்கப் புறப்பட்டவர்கள். கணவாய் உச்சியில் ஒரு தேநீர்க் கொட்டில் இருக்கிறது. அங்கே ஒதுங்கியவர்களிலும் சிலர், அப்பால் முக்திநாத் பக்கம் இறங்க முயன்று பனியில் வழிதெரியாமல் போனார்கள். வெளிநாட்டு நடைபயணிகளோடு நேபாள வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் மடிந்தார்கள். அந்நாட்டு நடைபயண வரலாற்றில் அவ்வளவு பெரிய இழப்பு அதற்குமுன் நேர்ந்ததில்லை.

இந்தத் தொடர் தொரோங் லாவைப் பற்றியது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை நம் வாசலில் கிடக்கும் அதே கடல்தான் அந்தப் பனியை அனுப்பியது. 1978 நவம்பர் 23 சூறாவளியை இன்னும் பேசுகிற ஊர் நம்முடையது. இமயமலைக்குப் போகிற மற்றவர்களுக்கு வங்காள விரிகுடா வரைபடத்தில் ஒரு நீலத்திட்டு. நமக்கு அதன் குணம் தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்துவதுதான் இந்த வாரத்துப் பாடம்.

திகதிகளைக் கொஞ்சம் பாருங்கள். 8ஆம் திகதி புயலுக்குப் பெயர் வைத்தாயிற்று, 14ஆம் திகதி பனி விழுந்தது. இடையில் ஆறு நாட்கள். மனாங் கிராமத்திலிருந்து கணவாய் அடிவாரத்துக்கு நடக்க இரண்டு நாட்களே போதும். ஆகவே கணவாயை நோக்கி ஏறியவர்களில் பெரும்பாலோர், புயல் பெயரோடு கடலில் சுற்றிக்கொண்டிருந்தபோது இன்னும் பள்ளத்தாக்கில்தான் இருந்திருக்க வேண்டும். எச்சரிக்கை அவர்களை ஒழுங்காக எட்டவில்லை. எட்டியிருந்தாலும் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. திரும்பும் விமானச்சீட்டு சட்டைப்பையில் இருக்கும். விடுமுறை முடிகிற நாள் அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இன்று மனாங்கில் இணையம் கிடைக்கிறது. புதுடில்லியிலுள்ள இந்திய வானிலைத் துறையின் புயல் மையம் வங்காள விரிகுடாவுக்கான அறிக்கைகளை வெளியிடுகிறது. ஒக்டோபர், நவம்பரில் போகிறவர் அதைத் தினமும் பார்க்க வேண்டும். விரிகுடாவில் புயலொன்று வடக்கு நோக்கி நகர்ந்தால் மனாங்கிலேயே இருந்துவிட வேண்டும். வாடை முற்றினால் கல்முனைக்குடியில் யாரும் வள்ளம் தள்ளுவதில்லை. அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதுமில்லை.

காத்திருப்பதில் நமக்கு ஒரு பழைய முன்னோடியும் இருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவைத் தெரியாதவர் நம்மூரில் குறைவு. அதற்குச் சுமார் பத்து வருடங்களுக்கு முன், இந்தியாவுக்கு வரும் வழியில் அவர் ஹிந்துகுஷ் மலையைக் கடந்தார். அந்தப் பகுதியைப் பலர் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். குந்தூஸ் பக்கம் ஏறக்குறைய நாற்பது நாள் தங்கினார். ஒட்டகங்களை மேய்த்துத் தேற்றுவது ஒரு காரணம். மலைவழியில் பனி குறையட்டும் என்பது மற்றக் காரணம். பிறகு புறப்பட்டபோதும் பனி இருந்தது. ஒட்டகங்களின் கால் புதையாமலிருக்க, அவற்றின் முன்னால் கம்பளித் துணிகளை விரித்து நடத்தியதாக எழுதியிருக்கிறார். உலகத்தையே சுற்றக் கிளம்பிய மனிதருக்கு ஒரு கணவாய்க்காக நாற்பது நாளை விட்டுக்கொடுப்பது பெரிய விடயமாகப் படவில்லை. நமக்கு நான்கு நாளே கையைக் கடிக்கிறது.

சரி, நாட்கணக்குக்கு வருவோம். போன வாரம் உடற்பயிற்சியைப் பற்றி எழுதியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். பயிற்சி நுரையீரலுக்கும் காலுக்கும் உதவும், உயரத்துக்கு உதவாது. மலைநோய் பலசாலியைப் பார்த்து விலகிப் போவதில்லை. வேகமாக ஏறக்கூடிய இளைஞர்களையே அது பல சமயம் பிடிக்கிறது, காரணம் அவர்கள் வேகமாக ஏறுவதுதான். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் தொரோங் லாவில் காற்றழுத்தம் பாதியளவுக்குச் சற்றே மேல். அதற்கு உடம்பைப் பழக்க இலங்கையில் இடமே இல்லை. நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீற்றர். அன்னபூர்ணா வழியில் நீங்கள் சும்மா படுத்துத் தூங்கப்போகிற சாமே என்ற ஊரே 2,670 மீற்றர். நமுனுகுலவையும் பாவா ஆதம் மலையையும் காலுக்காக ஏறுங்கள். உயரத்துக்கான பழக்கம் அங்கே போய்த்தான் வரும், அதுவும் தூக்கத்தில்.

மருத்துவர்கள் சொல்லும் விதி இலகுவானது. 3,000 மீற்றருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு. இதை வைத்து எண்ணுங்கள். இராப் பஸ்ஸில் கல்முனையிலிருந்து கட்டுநாயக்கா, அங்கிருந்து காத்மாண்டு. அனுமதிப் பத்திரங்களுக்கு ஒரு நாள். பெசிசஹருக்கு ஒரு நாள். மேலே தாராபானி, சாமே, பிசாங் 3,200, மனாங் 3,540. மனாங்கில் ஒரு நாள் ஓய்வு. பிறகு யாக் கர்க்கா 4,050, தொரோங் ஃபேடி ஏறக்குறைய 4,450. மறுநாள் கணவாய், அப்பால் முக்திநாத். ஜொம்சொம், பொக்காரா, காத்மாண்டு வழியாக வீடு. மொத்தம் பதினேழு நாட்கள். அதற்கு மேல் மூன்று நாட்களை வெறுமனே போடுங்கள். இந்த மூன்றையும் எந்தக் காரியத்துக்கும் ஒதுக்காதீர்கள், பொக்காரா ஏரியில் தோணி விடுவதற்கும்கூட. விடுமுறை கேட்கும்போது இருபது நாள் என்றே கேளுங்கள்.

‘இப்ப ஜீப் ரோட்டு மனாங் வரைக்கும் இருக்காமே காக்கா, நாலு நாள் மிச்சம் பிடிக்கலாமே?’ இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ரோட்டு இருப்பது உண்மை. பெசிசஹர் கடல்மட்டத்திலிருந்து 760 மீற்றர். ஜீப்பில் ஏறினால் ஒன்றிரண்டு நாளில் 3,540இல் இறங்குவீர்கள், அன்றிரவே தலை வெடிக்கும். ஜீப்பைத் தாராபானியோடு விட்டுவிடுங்கள், தம்பி. மிச்சம் பிடித்த நாள் மேலே போய்ப் படுக்கையில் கழியும்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் மருத்துவ நிலையம் ஒன்றை நடத்துகிறது. அந்த அமைப்பு 1973இல் தொடங்கியது. நடைபயணக் காலத்தில் தொண்டர் டொக்டர்கள் அங்கிருந்து மலைநோய் பற்றி விளக்கம் தருவார்கள். ஓய்வு நாளில் போய் உட்காருங்கள். தலைவலியோடு வாந்தி உணர்வு இருந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். நடை தள்ளாடினால், படுத்தாலும் மூச்சு வாங்கினால், நடுச்சாமமாயிருந்தாலும் இறங்க வேண்டும். டயமொக்ஸ் மாத்திரை பழக்கத்தைத் துரிதப்படுத்த உதவும், ஆனால் அதை ஊரிலேயே டொக்டரிடம் கேட்டு எடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தொரோங் ஃபேடிக்கு மேலே 4,800 மீற்றரையும் தாண்டி ஒரு ‘ஹை காம்ப்’ உண்டு. கடைசி நாள் நடை குறையும் என்று பலர் அங்கே தூங்குகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

எப்போது போவது என்பதில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே நடக்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள். முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்பு மாதத்தில் வருகிறது. நோன்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்கிறது. இப்போது பெப்ரவரி, மார்ச் பக்கம் நிற்கிறது. அந்தக் காலத்தில் கணவாயில் மாரிப் பனி இன்னும் கிடக்கும். பிரயாணிக்கு நோன்பில் சலுகை உண்டு என்றாலும், நோன்பையும் பெருநாளையும் வீட்டை விட்டுக் கழிக்க எத்தனை உம்மாமார் சம்மதிப்பார்கள்? ஏப்ரலின் பிற்பாதி அல்லது ஒக்டோபர் என்று முடிவெடுத்து, சம்பளமில்லாத லீவுக்கு முன்கூட்டியே எழுதுவதுதான் வழி.

தொழுகையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். கஸ்ரும் ஜம்உம் தெரிந்ததுதான். குழாய் உறைந்துபோகிற காலையில் தயம்முமும், காலுறை மேல் மஸ்ஹு செய்யும் விபரமும் தேவைப்படும். புறப்படுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கிப்லாவையும் கவனியுங்கள். கல்முனையில் மேற்கிலிருந்து வடக்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும் திசை, அங்கே ஏறத்தாழ நேர் மேற்கு. காத்மாண்டில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே காஷ்மீரித் தக்கியாப் பள்ளி இருக்கிறது. ஜும்ஆவை அங்கே பிடிக்கலாம். அந்த வட்டாரத்தில் ஹலால் கடைகளும் உண்டு. மலையேறியபின் இறைச்சியை மறந்துவிட்டு தால் பாத்தோடு இருங்கள். சோறு, பருப்பு, கீரை. கேட்டால் திரும்பவும் போடுவார்கள். மருதமுனைச் சாரனை லொட்ஜில் இரவுக்கு உடுக்கலாம். நடக்கும்போது பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது.

காசுக் கணக்கில் ஒரு நல்ல செய்தி: சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு நேபாள விசா ஆண்டின் முதல் பயணத்துக்கு 30 நாள் இலவசம், அன்னபூர்ணா அனுமதியும் மற்ற வெளிநாட்டவர் கட்டுவதில் மூன்றிலொரு பங்குதான். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்பது நேபாளத்தின் விதி. வழிகாட்டியைப் பேசும்போது எத்தனை முறை கணவாயைக் கடந்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். எத்தனை முறை ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்தார் என்றும் கேளுங்கள். ‘ஒருமுறையும் இல்லை’ என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.

திரும்புவது பற்றி நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். இலங்கையரில் அவரே முதலாமவர். கூடப் போன யொஹான் பீரிஸ் 8,400 மீற்றரில் ஒட்சிசன் பிரச்சினையால் திரும்பினார். உச்சிக்கு மிஞ்சியிருந்தது 450 மீற்றருக்கும் குறைவு. ஜயந்தியைப் பாராட்டி நாடே பேசியபோது, எனக்கு இவர் திரும்பிய அந்த நிமிடம்தான் பெரிதாகப் பட்டது. 2018இல் மறுபடி போய் ஏறினார்.

கணவாய் நாளில் விடியுமுன் புறப்பட வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம், பிறகு 1,600 மீற்றர் இறக்கம். நேரம் போகப்போகக் காற்று பலக்கும். ஆகவே காலை பத்துமணிக்குள் உச்சியைத் தாண்ட முடியாது என்று தெரிந்தால், இருக்கும் இடத்திலிருந்தே திரும்புவது என்று ஃபேடியில் முதல்நாள் இரவே கூட்டாளிகளோடு பேசி முடிவெடுத்துவிடுங்கள். மேலே போனபின் அதைப் பேச மூளையில் ஒட்சிசன் இராது. மேலதிக நாட்கள் இருந்தால் ஃபேடியில் ஒருநாள் படுத்து மறுபடி முயலலாம். அதுவும் சரிவராவிட்டால் மனாங்குக்கு இறங்கி, பெசிசஹருக்கு ஜீப் பிடிக்கலாம். இறங்குகிறவருக்கு ஜீப் ஒரு தீங்கும் செய்யாது. அந்த ஜீப் கூலியை இப்போதே தனி உறையில் போட்டுவையுங்கள்.

முக்திநாத்தில் தமிழ் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் அந்தத் தலத்தையே கொள்வதால், தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் ஜொம்சொம் பக்கமிருந்து வாகனத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களிலும் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம். காரணம் அதேதான், ஒரே நாளில் ஏறிய உயரம்.

(அடுத்த வாரம்: காப்புறுதி. பல பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே செல்லாது. ஹெலிகொப்டர் செலவை யார் கட்டுவது?)