பழைய கூரை பாதைக்கு ஆகுமா?

மழை வந்தால் லயத்துச் செம்மண் சடக்கு சேறாகிவிடும். கழற்றிப் போட்ட கூரைத் தகட்டை உடைத்துக் குழியை நிரப்பலாமே என்று தோன்றும்.

அமெரிக்காவில் கூரைக்கு வேய்வது பெரும்பாலும் தார் ஊட்டிய ஓடு. பழசானதும் அதில் ஒரு பகுதியை அரைத்துச் சாலைத் தாரில் கலக்கிறார்கள்.

நம் பழைய வீடுகளின் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேறு. அது சிமெண்டும் கல்நாரும் கலந்தது. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கும்.

நெதர்லாந்தின் கோர் நகர்ப்புறத்தில் 1935 முதல் 1974 வரை, ஆலையின் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் கழிவைப் பாதைகளிலும் முற்றங்களிலும் பரப்பினார்கள். பல்லாண்டு கழித்து, ஆலையில் வேலை செய்யாத பெண்களுக்கும் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்தது.

ஆகவே பெற்றோர்களே, அந்தத் தகட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். பாதைக்குச் சரளைக்கல் போதும். அதில் ஓடி விளையாடுவது நம் பிள்ளைகள்.