முதல் மூன்று வருடச் சோறு

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் பஸ் ஏறிப்போய் பி.ஏ., பி.காம். படிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு, கடைசி வருடம் நெருங்கும்போது ‘பேசாமல் லா படித்தால் என்ன’ என்று தோன்றும். வீட்டில் இரண்டு விதமான பதில் கிடைக்கும். ‘ஊருக்கு நூறு வக்கீல் இருக்கான், நீ என்ன செய்யப்போற’ என்பது ஒன்று. ‘படி, ஜட்ஜ் ஆயிடலாம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. எந்தக் கல்லூரி, மூன்று வருடப் படிப்பா ஐந்து வருடப் படிப்பா என்பதெல்லாம் எளிதாகத் தீர்கிற சங்கதிகள். பதிவு செய்து கறுப்புக் கோட்டு போட்ட பிறகு வரும் மூன்று நான்கு வருடங்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்க வேண்டும். அதற்கு வழி வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு, இந்தக் கரிசல் சீமையில் வக்கீல் தொழிலைப்போல் பொருத்தமான தொழில் குறைவு என்பது என் கட்சி.

படிப்பதற்கான செலவு முன்புபோல மலைப்பு தருவதில்லை. மதுரை அரசு சட்டக் கல்லூரியோடு இப்போது ராமநாதபுரத்திலும் காரைக்குடியிலும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. வக்கீலாகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டம் சொல்கிற 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். தொழில் நடத்தும் வக்கீல் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பகலில் மில்லில் கணக்கெழுதிவிட்டு ஓய்ந்த நேரத்தில் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற யோசனை செல்லாது. சீனியர் கொடுப்பதுதான் வருமானம். அது பல இடங்களில் பஸ் காசுக்கும் காபிக்கும்தான் காணும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உத்தரவு இருக்கிறது என்பதற்காக, சிற்றூர் சீனியரிடம் அந்தப் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஜட்ஜ் கனவுக்கும் இதே கணக்குதான். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 21 வயதில் பட்டம், 24-இல் சட்டம், அதற்கு மேல் மூன்று வருடம் என்றால் 27 வயதில்தான் விண்ணப்பமே போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பொருத்தமான தொழில் என்கிறேன்? இந்தப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சக்குபந்தியில் கிழக்கே வண்டிப்பாதை, வடக்கே ஓடை, தெற்கே இன்னாருடைய புஞ்சை என்று எழுதியிருக்கும். வண்டிப்பாதை இன்று தார் ரோடு. ஓடையைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. தெற்குப் புஞ்சைக்காரரின் பேரன்மார் நாலு ஊரில் இருக்கிறார்கள். பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவரிடம். மானாவாரி நிலத்துக்கு விலையில்லாத காலத்தில் இதை யாரும் கிளறவில்லை. 2016-இல் பக்கத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்த பிறகு, ஒன்றுக்கும் உதவாத பொட்டல் என்று இந்தப் பக்கத்தில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. விலை பேச ஆள் வந்தால் பத்திரத்தைத் தேடுவார்கள். தேடினால் வில்லங்கம் வெளியே வரும். பெண்பிள்ளைகளின் பங்கு வேறு இருக்கிறது. தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தன. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் டிக்ரி மூலமாகவோ நடந்த பாகப்பிரிவினையை அசைக்க முடியாது. ஊர்ப்பெரியவர்களை வைத்து வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது சாதாரணமாக நிற்காது. வாய்மொழிப் பாகத்தை நம்பி எத்தனை குடும்பங்கள் உழுதுகொண்டிருக்கின்றன என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை.

வக்கீல்கள் ஏற்கெனவே அதிகம் என்பது உண்மை. வாய்தா வாங்கத் தெரிந்தவர்கள் அதிகம். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் பின்னோக்கி வரிவரியாகப் படித்து, மூலப்பத்திரத்தோடு ஒட்டிப் பார்க்கிற பொறுமை உள்ளவர்கள் குறைவு. இங்கிலீஷ் வராதே என்பது அடுத்த பயம். 1976-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் நடப்பு மொழி. சாட்சியை விசாரிக்க நம் ஊர்த் தமிழ்தான் வேண்டும். ஆனால் தீர்ப்புகளைப் படிக்காமல் தப்ப முடியாது. உயர் நீதிமன்றத்தில் இன்றும் ஆங்கிலமே. ஆகவே படிக்கிற அளவு ஆங்கிலத்தைக் கல்லூரி நாளிலேயே உழைத்துச் சேர்க்க வேண்டும். குடும்பத்தில் வக்கீல் இல்லையே என்பவர்களுக்குத் திருச்சுழியே சான்று சொல்லும். ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரம் ஐயர் கணக்கரிடம் எழுத்தராகத் தொடங்கி, மனு எழுதுகிறவராகி, பட்டம் இல்லாமலே அவ்வூரில் வழக்காட அனுமதி பெற்றவர். இன்று பட்டமும் அகில இந்திய பார் தேர்வும் இல்லாமல் அது நடக்காது. ஆனால் காகிதத்தை எழுதிப் பழகி மேலே வரும் அந்த வழி இன்னும் அடைபடவில்லை. சீனியரின் குமாஸ்தாவிடம் ஆறு மாதம் பணிவாகக் கற்றுக்கொள்கிற ஜூனியருக்கு அது தெரியும்.

வீட்டில் மூன்று வருடம் தாங்க வழியில்லை என்றால் அவமானப்பட ஒன்றுமில்லை. சட்டப் பட்டத்தோடு வங்கியிலோ கம்பெனியிலோ நாலைந்து வருடம் சம்பளம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு பிறகு கோர்ட்டுக்கு வரலாம். வழி தாமதம், அவ்வளவுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அருப்புக்கோட்டைக் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் சாயங்காலம் வரை உட்காருங்கள். வழக்கு விசாரணை பொதுவாக யாரும் வந்து பார்க்கக்கூடியது, கட்டணம் கிடையாது.