வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா?

மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்ததும், அதுவரை வீட்டில் வளர்ந்த நாயைச் சாக்கில் கட்டி வெள்ளாற்றுப் பாலத்துக்கு அப்பால் இறக்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ‘அது ஒன்னும் செய்யாது, நம்ம புள்ள மாதிரி’ என்று தூளிக்குக் கீழேயே நாயைப் படுக்க விடுகிறவர்களும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். முதலாவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் போகாது என்பதால் யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் அப்படி விடப்பட்ட நாய்க்கு அடுத்த வருட ஊசியை யார் போடுவது? அது இன்னொரு தெருவில், இன்னொருவர் குழந்தையின் பக்கத்தில்தான் போய்ப் படுக்கும்.

இரண்டாவது, சட்டத்தில் குற்றமில்லை. ஆபத்து அதில்தான் அதிகம்.

நாயையும் விரட்டாமல் குழந்தையையும் காக்க, முதல் வேலை கால்நடை மருந்தகத்தில் இருக்கிறது. வளைகாப்புக்கு மண்டபம் பார்க்கும் வாரத்திலேயே நாயைக் கூட்டிப் போய்விடுங்கள். மூன்று மாதம் முடிந்த நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடலாம். முதல்முறை போடுவதென்றால் அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதன்பின் வருடம் ஒருமுறை. கூடவே குடற்புழு மருந்தும் உண்ணிக்கு மருந்தும் கேளுங்கள். நாயின் குடற்புழு முட்டை மண்ணில் கிடந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போகும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். பிரசவத் தேதி முகாமுக்காகக் காத்திருக்காது, நீங்களும் காத்திருக்காதீர்கள். மருந்தகம் தொலைவாக உள்ள கிராமத்தார் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம்.

‘போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ள அட்டை வேண்டும். எழுதித் தரச் சுணங்கினால் நின்று கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் அந்த அட்டையோடு போய்ப் பொது சுகாதாரப் பிரிவில் நாய் வளர்ப்பு உரிமம் பற்றியும் விசாரியுங்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் புதுக்கோட்டை. அவர் பெயரிலான மகப்பேறு நிதியின் தவணைக்காக பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எத்தனை முறை அலைகிறோம்! அந்தக் கவரிலேயே நாயின் அட்டையையும் வையுங்கள். வீட்டுக்கு வரும் சுகாதார செவிலியர் ரத்த அழுத்தம், ரத்தச் சத்து எல்லாம் விசாரிக்கிறார். நாய் குரைத்தால் ‘கட்டிப் போடுங்க’ என்கிறார். ‘ஊசி போட்டீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்க அவர் படிவத்தில் ஏன் ஒரு வரி இல்லையோ!

அடுத்தது பழக்கம். குழந்தை வந்த பிறகு நாய் எங்கே படுக்க வேண்டுமோ, எந்த நேரத்தில் சாப்பிட வேண்டுமோ, அதை இப்போதே தொடங்குங்கள். குழந்தை வந்த அன்றைக்குத் திடீரென்று கொல்லையில் கட்டினால், தான் விரட்டப்பட்டது இந்தப் புது ஆளால்தான் என்று நாய் முடிச்சுப் போட்டுவிடும். கைப்பேசியில் குழந்தை அழும் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, அதே சமயம் தின்ன ஏதாவது கொடுங்கள். சில நாள் கழித்துச் சத்தத்தைக் கூட்டலாம். தூளியை முன்கூட்டியே கட்டி, வெறுமனே ஆட்டிக் காட்டுங்கள். ஆடுகிற சேலை, உள்ளேயிருந்து புதுச் சத்தம், தரையிலிருந்து முழங்கால் உயரம்: எகிறிப் பிடிக்க நாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? தூளியை உயர்த்திக் கட்டுவதால் மட்டும் பிரச்சினை தீராது. நாய் அறைக்குள் வராதபடி கதவு வேண்டும்.

பிரசவம் முடிந்து ராணியார் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே, குழந்தையைச் சுற்றியிருந்த துணி ஒன்றை வீட்டுக்கு அனுப்பி நாயை முகர விடுங்கள். வரும் அன்று ஆரத்தி, அக்கம்பக்கம், பட்டாசு என்று கூட்டம் கூடும். அந்த நேரத்தில் அறிமுகம் வேண்டாம். கூட்டம் கலைந்தபின் தாய் முதலில் வெறுங்கையோடு போய் நாயைத் தடவட்டும். பிறகு சங்கிலியை ஒருவர் பிடித்திருக்க, சற்று தள்ளி நின்று குழந்தையைக் காட்டுங்கள். உடல் விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உதட்டை நக்குவது, உறுமுவது எல்லாம் நாய் விடும் எச்சரிக்கை. உறுமியதற்கு அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

குழந்தையையும் நாயையும் தனியே விடாதீர்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று அரை நிமிடம்கூட விடாதீர்கள்.

நம் வழக்கத்தில் இன்னொரு சிக்கல், வீடு இரண்டு. அம்மாச்சி வீட்டு நாயைப் பழக்கி முடித்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பத்தா வீட்டுக்குப் போனால், அங்கேயிருக்கும் நாய் குழந்தையைப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு துணியை எடுத்துப் போகட்டும். அந்த நாய்க்கும் அட்டை இருக்கிறதா என்று சம்பந்தி வீட்டில் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடித்துவிட்டால், கீறினாலும்கூட, குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காயாத தொப்புளை நாய் நக்கியிருந்தால் அதையும் காயமாகவே எண்ணி மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டு நாய்தான், ஊசி போட்ட நாய்தான் என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயின் அட்டையைக் காட்டுங்கள், நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். குழந்தைக்குத் தொடங்கிய ஊசியைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். வெறிநோய் அறிகுறி வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் ஊசி இலவசம். குழந்தைக்குத் தசையில் போடுவதென்றால் தொடையில் போடுவார்கள், இடுப்பில் அல்ல. முதல் ஊசி போட்ட நாளைச் சேர்க்காமல் 3, 7 எனத் தொடரும் தேதிகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ரத்தம் வந்த காயமென்றால், காயத்துக்குள்ளும் சுற்றியும் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. சிறிய நிலையங்களில் அது இருக்காமல் போகலாம்; இல்லையென்றால் முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஸ்டாக் இல்ல, நாளைக்கு வாங்க’ என்பதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். ஓ.பி. சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள், அங்கேயே நின்று 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள், முதலில் குழந்தைக்கு ஊசி கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். புகாரைப் பிறகு முதல்வரின் உதவி எண் 1100இல் சொல்லலாம். அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், அந்தச் சீட்டின் நகலோடு மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.