கல் முடிந்த இடத்தில் தாழி
(மண்ணுக்குள் ஊர் – 7)

பெருங்கற்காலம் என்று பேச்செடுத்தால் தஞ்சாவூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "நம்ம பக்கம் கல்லுக்கு எங்க போறது?" நியாயம்தான். கொள்ளிடத்துக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே எங்கே தோண்டினாலும் களியும் மணலும்தான். அம்மிக்கல்கூட வெளியூர்ச் சரக்கு. பெரிய கோயிலின் கருங்கல்லே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் பரவலான கருத்து.

அந்தப் பக்கமே போவோம். கந்தர்வகோட்டைச் சாலையில் வயல் விட்டுப்போய்ச் செம்மண்ணும் தைலமரமும் வந்துவிடும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுக்கும் புகை. புதுக்கோட்டையைத் தாண்டி அன்னவாசல் பக்கம் திரும்பினால் சித்தன்னவாசல். வருகிறவர்கள் ஓவியத்தையும் சமணர் குகையான ஏழடிப்பட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கீழே மேட்டாங்காட்டில் கிடக்கும் கல்வட்டங்களை யாரும் சட்டை செய்வதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

வட்டத்துக்கு நடுவே மண்ணுக்குள் கல்பதுக்கை, இறந்தவருக்கான கல்லறை. தமிழகத்துப் பதுக்கைகள் பலவற்றில் நான்கு பலகைக் கற்களை நிறுத்தியிருக்கும் விதம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு பலகையின் ஓரமும் அடுத்ததைத் தாண்டி நீண்டிருக்கும். வெளிமண் நெருக்க நெருக்க, ஒன்றை ஒன்று தாங்கி இறுகிக்கொள்ளும், சாந்து தேவையில்லை. ஒரு பலகையில் வட்டத்துளை, பெரும்பாலும் கிழக்கு பார்த்து. உள்ளே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், பொறுக்கியெடுத்து வைத்த எலும்புகள்.

கற்களை வரிசை பிடித்து நட்ட இடங்களுக்கு இன்னும் வடக்கே போக வேண்டும். கர்நாடகத்தில் விபூதிஹள்ளி, தெலங்கானாவில் கிருஷ்ணா கரையில் முடுமால். இதே மாதிரி பிரான்ஸின் கர்னாக்கில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. 2025இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முடுமால் இந்தியாவின் உத்தேசப் பட்டியல்வரை வந்திருக்கிறது.

கல்லே இல்லை என்றால், டெல்டாவில் அந்தக் காலத்து ஆட்களே இல்லையா? இருந்தார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் வல்லத்தில் தோண்டியபோது அதே கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. கல் இல்லாத ஊரில் சாவுக்குக் கைகொடுத்தவன் குயவன். சோழன் கிளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது (228). அது குயவனைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறது: இவ்வளவு பெரியவனைப் புதைக்கத் தாழி வனைய உன்னால் ஆகுமா? பதுக்கை நிலத்துக்கு மேலே அடையாளம் விட்டது. தாழியை ஆற்று வண்டல் மூடிவிட்டது. மேட்டு நிலத்துக்காரன் பழமையானவன், வயல்காரன் பின்னால் வந்தவன் என்று இதை வைத்துக் கணக்குப் போடுவது சரியில்லை.

வண்டலுக்குள்ளிருந்து எப்போதாவது கல்லும் வரும். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூரில் ஓர் ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி வெட்டியபோது வழவழப்பான கற்கோடரி ஒன்று கிடைத்தது. 2006இல் அது செய்தியானது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கோடரியில் நான்கு குறிகள். அவை சிந்துவெளி எழுத்தே என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் ஒப்பவில்லை. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)