வேண்டாம் என்றாலும் படித்துவிடும் கண்

பச்சை மையில் ‘சிவப்பு’ என்றும் நீல மையில் ‘மஞ்சள்’ என்றும் மாற்றி மாற்றி ஒரு தாள் நிறைய எழுதுங்கள். அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து சொற்களுக்குள் நாக்கு தடுமாறும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை முறையான ஆய்வாக வெளியிட்டார். எழுத்தறிந்த ஒருவரால் ஒரு சொல்லைப் படிக்காமல் வெறுமனே பார்க்க முடிவதில்லை. பொருள் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. எழுத்தின் வளைவும் கனமும் நிறமும் அதன் பின்னால் போய்விடுகின்றன.

பின்னால் போன அந்த உருவத்தை மறுபடி முன்னால் இழுத்து வந்தவர்கள் 1950களின் கான்கிரீட் கவிஞர்கள். சிமெண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லை ஒரு திடப்பொருளாக, தாளில் இடம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொருளாகப் பார்த்தார்கள்.

பொலிவியாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஓய்கன் கோம்ரிங்கரின் புகழ்பெற்ற கவிதையில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. மௌனம் என்று பொருள்படும் சொல். ஐந்து வரி, வரிக்கு மூன்று முறை. கணக்குப்படி 15 வர வேண்டும். ஆனால் 14தான் இருக்கின்றன. நடுவரியின் நடு இடம் வெற்றுத் தாள். மௌனம், மௌனம் என்று 14 முறை சொல்வது சத்தமே தவிர வேறென்ன? சொல்லாமல் விட்ட அந்த ஓர் இடத்தில்தான் சொன்னது நடக்கிறது. இந்தக் கவிதையை வானொலியில் வாசிக்க முடியாது. வாசித்தால் பிசிறடித்த பல்லவிபோல ஆகிவிடும்.

கண் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அந்த ஓட்டையின் பலம் புரியும். படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் விநாடி. விழித்திரையில் நுண்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. அது பிடிப்பது சுமார் 2 பாகை அகலம்தான். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கினால் நகம் மறைக்கிற அளவு. அதற்கு வெளியே எல்லாம் மங்கல். ஆனாலும் மங்கலான பார்வைக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அமைப்பு தெரியும். எங்கே கருப்பு, எங்கே வெள்ளை, எங்கே இடைவெளி என்பதை அது ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறது. சாதாரணப் பத்தியில் அடுத்து எங்கே தாவுவது என்பதற்கு மேல் இந்தத் தகவலால் பெரிய பயனில்லை. கோம்ரிங்கரோ கவிதையையே அந்த மங்கலான பார்வையின் கையில் கொடுத்துவிட்டார். முதல் சொல்லைப் படிக்கும் முன்பே நடுவில் இருக்கும் ஓட்டை கண்ணில் பட்டுவிடுகிறது.

அதே காலத்தில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் கவிஞர்களான அகஸ்தோ, அரோல்தோ டி காம்போஸ் சகோதரர்களும் தேசியோ பிக்னாதாரியும் சேர்ந்து 1952இல் ‘நொய்காந்திரெஸ்’ என்ற இதழைத் தொடங்கியிருந்தார்கள். 1955இல் பிக்னாதாரி ஜெர்மனியின் உல்ம் நகரில் கோம்ரிங்கரைச் சந்தித்தபோதுதான், கடலுக்கு இருபுறமும் ஒரே வேலை நடப்பது இரு தரப்புக்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சாவோ பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கவிதைகள் சுவரொட்டிகளாகி, ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பக்கத்தில் தொங்கின. அச்செழுத்துக்கு அவர்கள் விரும்பி எடுத்தது ஃபியூச்சரா. வட்டமும் நேர்கோடுமாக, கொசுவமோ கொம்போ இல்லாத எழுத்துரு. எழுத்தில் அலங்காரம் குறையக் குறைய அது வடிவமாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. பிக்னாதாரி 1957இல் ஒரு குளிர்பான விளம்பர வாசகத்தை எடுத்து, அதன் எழுத்துகளையே இடம் மாற்றிக்கொண்டு போய் கடைசியில் சாக்கடையில் முடித்தார். விளம்பரக்காரர்களின் ஆயுதத்தாலேயே விளம்பரத்தை அடித்த அந்த நையாண்டி எனக்கு இன்றும் பிடிக்கும்.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் துறவி. கிளாஸ்டர்ஷயரில் பிரிங்க்நாஷ் மடத்தில் இருந்த பெனடிக்ட் சபைப் பாதிரியார் டாம் சில்வெஸ்டர் ஹூடார்ட். அவர் கருவி ஒலிவெட்டி தட்டச்சுப் பொறி. தட்டச்சில் ‘ஐ’ என்ற ஒல்லி ஆங்கில எழுத்துக்கும் ‘எம்’ என்ற குண்டு எழுத்துக்கும் ஒரே அகலம். பைக்கா அளவில் ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து. எழுதும் தாளே கட்டம் போட்ட தாளாகிவிடுகிறது. தாளைச் சாய்த்துச் செருகினால் கட்டமும் சாயும். உருளையைக் கொஞ்சம் திருப்பி அதே இடத்தில் மறுபடி அடித்தால் நிழல் விழும். அடித்த இடத்திலேயே மறுபடி அடிப்பது தமிழ்த் தட்டச்சு பயின்றவர்களுக்குப் புதிதல்ல. புள்ளியை அடித்தால் பொறி நகராமல் நிற்க, அதன் கீழே மெய்யெழுத்து வந்து உட்காரும். ஹூடார்ட் காற்புள்ளிகளையும் கோடுகளையும் அடுக்கி அந்தரத்தில் மிதக்கும் படிகளையும் பலகைகளையும் எழுப்பினார். அவற்றில் படிக்க ஒன்றுமே இல்லாதவையும் உண்டு.

சித்திரக்கவி அறிந்த நமக்கு இதெல்லாம் பழைய சரக்கு என்று தோன்றலாம். தேர், பாம்பு, முரசு என்று உருவங்களில் பாட்டை அடைக்கும் பந்தங்கள் இருக்கின்றன. தண்டியலங்காரம் இவ்வகை மிறைக்கவிகளுக்கு இலக்கணமே சொல்கிறது. ஆனால் அங்கே பாட்டு யாப்பில் முழுதாக நிற்கும். படத்தில் அடைக்காவிட்டாலும் அது பாட்டுதான். எழுகூற்றிருக்கையைத் தேராக வரையாமலே கோயிலில் ஓதலாம். கோம்ரிங்கரின் தாளிலிருந்து வெற்றிடத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சொல்லின் பட்டியல். இரண்டில் எது உயர்ந்தது என்பதல்ல விஷயம். உருவம் சுமக்கும் எடை வேறு.

எழுத்தை உருவமாகப் பார்க்கும் இந்த வேலைக்கு மூளைக்குள்ளும் இடம் இருக்கிறது. இடப்பக்க மூளையின் அடியில், பின்புறமாக, எழுத்துக்கென்றே பழகிய ஒரு சிறு பகுதியை லோரான் கோஹென், ஸ்தனிஸ்லாஸ் தெஹான் முதலிய மூளை ஆய்வாளர்கள் 2000இல் விவரித்தார்கள். பிறக்கும்போது அது எழுத்துக்காக ஒதுக்கப்பட்டதல்ல. 2010இல் தெஹான் குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிந்தவர்களையும் அறியாதவர்களையும் ஒப்பிட்டபோது, படிக்கக் கற்றவர்களிடம் அந்தப் பகுதி எழுத்துக்கு வலுவாகத் துலங்கியது. முகங்களைப் பார்க்கையில் அங்கே எழும் துலக்கம் சற்றுக் குறைந்திருந்தது. உருவங்களைப் பார்க்க வைத்திருந்த இடத்தில்தான் எழுத்து குடியேறியிருக்கிறது.

கான்கிரீட் கவிஞர்களில் ஸ்காட்லாந்தின் இயன் ஹாமில்டன் ஃபின்லே தாளையும் தாண்டிப் போனார். 1966இல் பென்ட்லண்ட் குன்றுகளில் ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோய், மனைவி சூவுடன் சேர்ந்து அங்கே தோட்டம் போட்டு, கல்லிலும் மரத்திலும் சொற்களைச் செதுக்கச் செய்து ஆங்காங்கே நட்டார். பின்னால் அதற்கு லிட்டில் ஸ்பார்ட்டா என்று பெயர் வைத்தார். அங்கே ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே குளமோ மேடோ இருக்கும். கண் தாவிக் கடக்க முடியாது. கால்தான் கடக்க வேண்டும்.